தாவல்களுக்கு நடுவே ஒரு கோடு

என் மேசைப் பக்கம் வருகிறவர்களில் கணினி தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “இது எந்தக் காலத்து ஃபயர்பாக்ஸ்? இன்னும் புதுப்பிக்கவில்லையா?” என் ஃபயர்பாக்ஸ் உலாவியைப் புதுப்பித்துத்தான் வைத்திருக்கிறேன். புதிய பதிப்பு வந்த அன்றே ஏற்றிவிடுவேன். மேலே தெரியும் முகம் மட்டும்தான் பழையது. சதுரமான தாவல்கள் (திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே நிற்கும் தலைப்புப் பெட்டிகள்), ஒவ்வொரு தாவலுக்கும் நடுவே மெல்லிய கோடு, எல்லாவற்றுக்கும் மேலே விண்டோஸ் எக்ஸ்பி நாட்களில் இருந்த மெனு பட்டை. உள்ளே ஓடுவது இன்றைய எந்திரம்.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று கேட்பவர்களுக்கு என் வேலையிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், லெபோ பசாருக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் சிறிய அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான பயிற்சி நூல், வருடக் கடைசியில் நாட்காட்டி. அந்த நாட்காட்டியில் எழுத்துருவை மாற்றலாம், சாமி படத்தை மாற்றலாம், விளம்பரதாரர் பெயரை இன்னும் பெரிதாக்கலாம். ராகுகாலம் இருக்கும் மூலையை மட்டும் தொடக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஒரு வருடம் அதை மேலே தூக்கி வைத்து மாதிரிப் பக்கம் ஒன்று செய்து காட்டினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. அவர் தாளைக் கையில்கூட வாங்கவில்லை. “என் மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடாமலே கீழ் இடது மூலையைப் பார்த்து நேரம் சொல்வார். நீ மேலே வைத்தால் அவர் என்னைக் கூப்பிடுவார், நான் உன்னைக் கூப்பிடுவேன்” என்றார்.

உலாவியும் அந்த மாமியாருக்கு நாட்காட்டி எப்படியோ அப்படித்தான். அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கை தானாகப் போகிறது. போகிற இடத்தில் பழைய பொருள் இல்லாவிட்டால் அந்த ஒரு நொடி எரிச்சல், நாள் முழுவதும் சேர்ந்து பெரிதாகிவிடுகிறது.

ஃபயர்பாக்ஸ் தன் முகத்தை மாற்றுவது புதிதல்ல. 2004 நவம்பரில் 1.0 பதிப்பாக வந்த உலாவி, 2011 மார்ச்சில் 4-ஆம் பதிப்பில் தாவல்களை முகவரிப் பட்டைக்கு மேலே ஏற்றியது. 2014 ஏப்ரலில் 29-ஆம் பதிப்பு ‘ஆஸ்ட்ராலிஸ்’ என்ற வடிவத்தோடு வந்தது. தாவல்களின் தோள் வளைந்தது, நீட்சிகளுக்காக, அதாவது உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்களுக்காக, கீழே இருந்த பட்டை போயிற்று. அப்போது ‘கிளாசிக் தீம் ரெஸ்டோரர்’ என்று ஒரு நீட்சி இருந்தது. அதை நிறுவிவிட்டால் போதும், வளைந்த தாவல் நிமிரும், போன பட்டை திரும்பும். அந்தக் காலத்து நீட்சிகளுக்கு உலாவியின் உள்ளறை வரை போக அனுமதி இருந்தது. அதுதான் அவற்றின் பலம். ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மோசில்லாவுக்குத் தலைவலியும் அதுதான். உள்ளே ஒரு திருகாணியை மாற்றினாலும் எங்கோ ஒரு நீட்சி உடையும். வேகத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் உலாவியைப் பல பிரிவுகளாகப் பிரித்து ஓட்டலாம் என்றால் பழைய நீட்சிகள் குறுக்கே நின்றன. 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்போடு அந்த வாசலை மொத்தமாக மூடினார்கள். உலாவி உண்மையிலேயே வேகமாயிற்று, தாவல்களும் மறுபடி சதுரமாயின. ‘ஃபோட்டான்’ என்று அந்த வடிவத்துக்குப் பெயர். எனக்கு இன்றும் பிடித்தது அதுதான். ஆனால் முகத்தைத் திருப்பிக் கொண்டுவரும் நீட்சி எதுவும் அதற்குப் பிறகு சாத்தியமில்லாமல் போயிற்று. புதிய வகை நீட்சி நிறத்தை மாற்றலாம். தாவலின் உருவத்தைத் தொட முடியாது.

2021 ஜூன் 1-ஆம் தேதி 89-ஆம் பதிப்பு வந்தது. மலேசியாவில் அந்தத் தேதியை மறப்பது கடினம். நாடு முழுவதும் முழு நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய அதே நாள். அச்சகம் பூட்டியிருந்தது. நான் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். எங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் டீச்சர், தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாமில் இருந்தார். நடுவே கடல், பாலம், சாலைத் தடுப்பு. பத்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற விதி வேறு. முதல் வாரத்திலேயே அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, பெட்டிகளை எல்லாம் பட்டனாக்கிவிட்டார்கள். நான் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.”

அந்த ஒரு வாக்கியத்தில், 89-ஆம் பதிப்போடு வந்த ‘புரோட்டான்’ என்ற புதிய வடிவத்தின் முழு விமர்சனமும் இருந்தது. அதுவரை தாவல் என்பது கோப்பின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு. கீழே இருக்கும் பக்கத்தோடு ஒட்டியிருக்கும். 89-இல் அது பக்கத்திலிருந்து பிரிந்து, மூலை உருண்டு, மேலே தனியே மிதந்தது. தாவல்களுக்கு நடுவே இருந்த கோடும் போயிற்று. உயரம் கூடியது. மெனுக்களில் வரிக்கு வரி இருந்த சிறு படங்களை எடுத்துவிட்டு எழுத்தை மட்டும் விட்டார்கள். முகவரிப் பட்டையில் மூன்று புள்ளிக்குள் இருந்த திரைப்பிடிப்பு, அதற்கு முந்தைய 88-ஆம் பதிப்பிலேயே வலது சொடுக்கு மெனுவுக்குக் குடிபோயிருந்தது.

டீச்சரின் சிரமம் இன்னும் குறிப்பானது. ஒரே பயிற்சி நூலின் பழைய மெய்ப்பு, திருத்திய மெய்ப்பு, ஆசிரியர் அனுப்பிய மூலம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துத்தான் அவர் வேலை செய்வார். எல்லாத் தலைப்பும் ‘ஐந்தாம் ஆண்டு’ என்றே தொடங்கும். தமிழ் எழுத்து அகலமானது. தாவல் குறுகும்போது ‘ஐந்தாம்’ முடிவதற்குள் எழுத்து மங்கிப் போய்விடும். ஆக, வரிசையாக ‘ஐந்தா’, ‘ஐந்தா’, ‘ஐந்தா’. தலைப்பைப் படித்துத் தாவலைக் கண்டுபிடிக்க வழியில்லை. இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது எங்கே முடிகிறது, மூன்றாவது எங்கே தொடங்குகிறது என்று காட்டிய கோடு அதனால்தான் அவருக்கு அத்தனை முக்கியம். ஆங்கிலத் தலைப்புகளோடு வேலை செய்கிறவருக்கு அந்தக் கோடு போனது கண்ணில்கூடப் பட்டிருக்காது.

முதலில் எளிய வழி இருந்தது. முகவரிப் பட்டையில் ‘அபவுட்:கான்ஃபிக்’ என்று தட்டினால் உலாவியின் எல்லா உள் அமைப்புகளும் ஒரே பட்டியலாக விரியும். எச்சரிக்கை ஒன்று வரும், ஏற்றுக்கொண்டு உள்ளே போகலாம். அங்கே ‘புரோட்டான்’ என்று தேடி, கிடைத்த சுவிட்சை அணைத்துவிட்டு உலாவியை மறுபடி திறந்தால் பழைய முகம் வந்துவிடும். டீச்சரிடம் சொல்லச் சொல்லச் செய்தார்.

“நடுவில் இருப்பது முக்காற்புள்ளியா, அரைப்புள்ளியா?”

“முக்காற்புள்ளி, டீச்சர்.”

“அதற்குப் பிறகு இடைவெளி?”

“இல்லை. ஒட்டி எழுதுங்கள்.”

மெய்ப்புப் பார்க்கிறவரிடம் தொலைபேசியில் நிரல் சொல்வது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது. கணினி படித்த என் மைத்துனனுக்கு இதையே மூன்று முறை சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அந்தச் சுவிட்ச் ஆகஸ்ட் 10 வரைதான் உழைத்தது. அன்று வந்த 91-ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இதில் எனக்குக் கோபமில்லை. இரண்டு முகங்களை ஒரே நேரத்தில் பராமரிப்பது எவ்வளவு வேலை என்று வடிவமைப்புத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். எந்த மாற்றத்தையும் இரண்டிலும் செய்து இரண்டிலும் சோதிக்க வேண்டும். கூகுள் குரோமும் 2018 செப்டம்பரில், தன் பத்தாம் பிறந்தநாளுக்கு 69-ஆம் பதிப்பில் முகம் மாற்றியபோது பழைய வடிவத்துக்கு ஒரு சுவிட்ச் வைத்திருந்து, சில மாதங்களில் அதை எடுத்துவிட்டது. இப்படிப்பட்ட சுவிட்சுகள் சோதனைக்காக வைக்கப்படுபவை. நிரந்தரம் என்று நம்பி உட்காரக்கூடாது.

எனக்கு உறுத்தியது வேறொன்று. உயரத்தைக் குறைத்துக் காட்டும் ‘நெருக்கமான’ அடர்த்தி என்ற தேர்வை 89-இல் மறைத்துவிட்டார்கள். மறைக்கச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? அந்தத் தேர்வு இருக்கும் இடம் எளிதில் கண்ணில் படாதது, ஆகவே அதிகம் பேர் பயன்படுத்த மாட்டார்கள் என்ற அனுமானம். இடம் சரியில்லை என்று தெரிந்தால் இடத்தை மாற்ற வேண்டியதுதானே? எதிர்ப்பு வந்த பிறகு, ஏற்கெனவே அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். மற்றவர்கள் அபவுட்:கான்ஃபிக்கில் ‘காம்பாக்ட்மோட்’ என்று தேடி இயக்கிக்கொள்ளலாம். ‘ஆதரவு இல்லை’ என்ற ஒட்டுச்சீட்டோடு அது திரும்பும். சிறிய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

சுவிட்ச் போன பிறகு மிஞ்சியது ஒரே வழி: பாணிக் கோப்பு. ‘யூசர்குரோம்’ என்ற பெயரில் சிஎஸ்எஸ் (தோற்றத்தை வரையறுக்கும் மொழி) வரிகள் கொண்ட சிறு கோப்பு ஒன்றை, உலாவி நம் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சுயவிவரக் கோப்புறைக்குள் வைத்தால், ஃபயர்பாக்ஸ் திறக்கும்போது அதைப் படித்துத் தன் முகத்தின் மேல் பூசிக்கொள்ளும். பழைய வசதி இது. 2019-இல் 69-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாக அணைத்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானோரிடம் இல்லாத கோப்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வட்டில் தேடுவது வீண் தாமதம் என்பது காரணம். நியாயமான காரணம்தான். அபவுட்:கான்ஃபிக்கில் ‘ஸ்டைல்ஷீட்ஸ்’ என்று தேடினால் ‘லெகசி’ என்ற சொல்லைத் தன் பெயரில் சுமந்துகொண்டு ஒரு நீளமான அமைப்பு வரும். அதை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும். அடுத்து ‘அபவுட்:சப்போர்ட்’ பக்கம். அதில் சுயவிவரக் கோப்புறை என்ற வரிசைக்கு எதிரே திறக்கும் பொத்தான் இருக்கும். திறந்த கோப்புறைக்குள் ‘குரோம்’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் புதிய கோப்புறை ஒன்று. கூகுள் உலாவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயரைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்தியவர்களை அறிவேன். கோப்பு அதற்குள் போக வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலரும் விழுகிறார்கள். நோட்பேடில் எழுதிச் சேமிக்கும்போது அது தன் வழக்கப்படி பெயரின் கடைசியில் ‘டாட் டிஎக்ஸ்டி’ என்று ஒரு வால் சேர்த்துவிடும். விண்டோஸ் வால்களை மறைத்து வைப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சரியாக இருக்கும், எதுவும் நடக்காது. சேமிக்கும் பெட்டியில் கோப்பு வகையை ‘எல்லாக் கோப்புகளும்’ என்று மாற்றிவிட்டுச் சேமித்தால் வால் முளைக்காது. டீச்சருக்கு நான் கோப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பூதக்கண்ணாடி இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்ளாதவர் அல்லவா, வைப்பதற்கு முன் திறந்து படித்திருக்கிறார்.

“தம்பி, ஒவ்வொரு வரியிலும் ஆச்சரியக்குறி ‘இம்பார்ட்டன்ட்’ என்ற சொல்லுக்கு முன்னால் வருகிறதே. பின்னால்தானே வர வேண்டும்? நான் திருத்திவிடட்டுமா?”

“தொடாதீர்கள் டீச்சர்! அது அப்படித்தான்.”

அந்தச் சொல் இல்லாவிட்டால் உலாவி தன் சொந்த விதியையே பிடித்துக்கொண்டு நம் வரியைக் கண்டுகொள்ளாது. கோப்பில் அதிகம் எழுதவில்லை. தாவலின் மூலை வளைவைச் சுழியமாக்கினேன், தாவலுக்கும் அடியில் உள்ள பட்டைக்கும் இடையே இருந்த இடைவெளியை எடுத்தேன், நடந்துகொண்டிருக்கும் தாவலுக்குத் தலையில் நீலக் கோடு ஒன்று, மற்றவற்றுக்கு நடுவே சாம்பல் கோடு. முழு முகத்தையும் திருப்பிக் கொடுக்கும் ஆயத்தக் கோப்புகளும் உண்டு. ‘லெப்டன்’ என்ற திட்டம் அவற்றில் பிரபலம். ஃபோட்டானும் புரோட்டானும் இருக்கும்போது லெப்டனும் வரத்தானே வேண்டும். ஆயிரக்கணக்கான வரிகளை இறக்கிக்கொண்டால் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் எங்கே உடைந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. பத்துப் பதினைந்து வரி என்றால், உடைந்தாலும் தேநீர் ஆறுவதற்குள் சரிசெய்துவிடலாம்.

உயரத்துக்கு மட்டும் இணையத்தில் கிடைத்த இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தேன். அடுத்த நாள் காலையிலேயே டீச்சர் அழைத்தார். “மூன்றாம் ஆண்டு நூலின் தலைப்பிலேயே பிழை. ‘முன்றாம்’ என்று இருக்கிறது. இதை யார் பார்க்காமல் விட்டது?” கோப்பைத் திறந்து பார்த்தேன், ‘மூன்றாம்’ என்றுதான் இருந்தது. திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். தாவலின் அடிவிளிம்பு மூகாரத்தின் கடைசிச் சுழியை நறுக்கியிருந்தது. அந்த வரிகளை எழுதியவர் ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்திருக்கிறார். விண்டோஸ் தமிழுக்குக் கொடுக்கும் நிர்மலா எழுத்துருவில் உகர ஊகாரக் குறிகள் வரிக்குக் கீழே நன்றாக இறங்கும்; ஆங்கிலத்தின் வால் எழுத்துகளுக்கு விட்ட இடம் அவற்றுக்குப் போதாது. நான்கு புள்ளி உயரம் கூட்டினேன். சுழி திரும்பியது. தமிழ்த் தலைப்புகளோடு வேலை செய்கிறவர்கள் ஆயத்தக் கோப்பு எதை இறக்கினாலும் முதலில் ‘மூ’, ‘ழு’, ‘கூ’ வரும் பக்கங்களைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கும் பாதி வழி திறந்தே இருக்கிறது. பட்டையில் வெறும் இடத்தில் வலது சொடுக்கினால் மெனு பட்டையை நிரந்தரமாகக் காட்டச் சொல்லலாம். தனிப்பயனாக்கும் பக்கத்தில் தலைப்புப் பட்டையை இயக்கலாம். முகவரிப் பட்டைக்கு இருபுறமும் இருக்கும் வெற்றிடத்தை இழுத்து வெளியே போட்டால் முகவரிப் பட்டை பழையபடி நீளும். இவை எந்தப் பதிப்பிலும் உடைந்ததில்லை.

ஒரு வழியை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். புதுப்பித்தலை அணைத்துவிட்டுப் பிடித்த பதிப்பிலேயே தங்கிவிடுவது. 2021-இல் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் சிலர் 88-இல் நின்றுவிட்டார்கள். அதே கணினியில்தான் வங்கிக் கணக்கும் பார்க்கிறார்கள். உலாவியின் ஓட்டைகள் அடைக்கப்படும்போதே அந்த ஓட்டை எங்கே இருந்தது என்ற செய்தியும் வெளியாகிவிடுகிறது. அடைக்காமல் இருப்பவரின் வீட்டுக் கதவு அன்றிலிருந்து முகவரியோடு திறந்து கிடக்கிறது. அவகாசம் வேண்டுமானால் நிறுவனங்களுக்கான நீண்டகால ஆதரவுப் பதிப்பு உண்டு. அப்போது 78-ஆம் பதிப்பின் அந்த வகை, பழைய முகத்தோடு பாதுகாப்புத் திருத்தங்களையும் அந்த வருடக் கடைசிப் பகுதி வரை பெற்றுக்கொண்டிருந்தது. பேல் மூன் என்ற உலாவி ஆஸ்ட்ராலிஸுக்கு முந்தைய முகத்தை இன்றும் விடாமல் வைத்திருக்கிறது. அதன் எந்திரம் தனியாகப் பிரிந்து வளர்ந்தது என்பதால் சில புதிய தளங்களில் தடுமாறும். ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம், அச்சக வேலைக்கு ஆகாது.

2025 மார்ச்சில் 136-ஆம் பதிப்பு செங்குத்துத் தாவல்களைக் கொண்டுவந்தது. தாவல்கள் மேலே வரிசையாக நிற்காமல் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். நான் அதைப் பார்த்துவிட்டு அணைத்துவிட்டேன். டீச்சருக்குச் சொல்லவுமில்லை, பழைய முகத்துக்காக அத்தனை போராடியவர், இதைப் பார்த்தால் தொலைபேசியை எடுத்துவிடுவார் என்ற பயம்தான். எடுத்தார். வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொல்லி அவரே இயக்கியிருக்கிறார். அப்படி அடுக்கும்போது ஒவ்வொரு தாவலுக்கும் அகலம் தாராளம். ‘ஐந்தாம் ஆண்டு கணிதம், இரண்டாம் மெய்ப்பு’ என்று தலைப்பு முழுதாகத் தெரிகிறது. மூகாரம் நறுக்கப்படவில்லை.

“இப்போது படித்தே கண்டுபிடிக்கிறேன் தம்பி. உன் கோடு இனி வேண்டாம், நடுவில் குறுக்கே நிற்கிறது. எடுத்துவிடு.”

எடுத்துவிட்டேன். கோப்பு மொத்தத்தையும் நீக்கி, லெகசி சுவிட்சையும் பழையபடி அணைத்துவைத்தோம். நான்கு வருடம் காத்துவைத்த பழைய முகத்தை அவர் ஒரு சாயங்காலத்தில் உதறியதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை என்றுகூடச் சொல்லலாம். என் கைக்கு மேல்வரிசைதான் ஒத்துவருகிறது. பக்க வடிவமைப்புக்குத் திரையின் அகலம் முழுவதும் எனக்கு வேண்டும்.

போன வாரம் மறுபடி கேட்டார்: திருத்தக் குறிப்பு எழுதும் தாள் மேசையில் இடப்பக்கம் இருப்பதால் தாவல் அடுக்கு வலப்பக்கம் போக வழியுண்டா என்று. உண்டு. பக்கப்பட்டை அமைப்பைத் திறந்து, வலப்பக்கத்துக்கு நகர்த்து என்ற வரியைச் சொடுக்கினால் போதும்.